குருவி வயிற்று அழுக்கு

எந்தக் கடைக்கும் இரண்டு பாதி உண்டு. முன்பாதியில் கண்ணாடி, விளக்கு, சிரிப்பு. பின்பாதியில் ஏணி, மூட்டை, உண்மை. அருங்காட்சியகமும் அப்படித்தான் என்பது துணிக்கடைக்காரரின் இளைய மகளுக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரமே புரிந்துபோயிற்று.

முன்கூடத்தில் வாயைப் பிளந்த கரடி ஒன்று நின்றது. அதைப் பதப்படுத்தியவன் உயிரோடு கரடியைப் பார்த்ததே இல்லை போலும். அதன் முகத்தில், வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்தவரின் களை இருந்தது. பார்க்க வருகிறவர்கள் கரடியோடு படம் எடுத்துக்கொண்டு, மேலே தொங்கும் திமிங்கல எலும்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூடத்துக்குப் பின்னால் கனத்த கதவுக்கு அப்பால் ஒரு கிடங்கு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அங்கே தரையிலிருந்து கூரை வரை இழுப்பறைகள். இழுத்தால் வண்டுகள், சிப்பிகள், முட்டைகள், வௌவால்கள், மல்லாந்து படுத்த பறவைகள். அவள் அந்தக் கிடங்கின் காப்பாட்சியர். கரடியை அவளுக்குப் பிடிக்காது. கிடங்கு என்றால் உயிர்.

அந்தக் கிடங்குக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. அதுவும் தெரிந்த மனிதர் மூலமாக வந்திருந்தது. அதுதான் எரிச்சல்.

அருங்காட்சியகக் கமிட்டியின் புதிய தலைவர் ஒரு பெயிண்ட் வியாபாரி. அவருடைய தாத்தா சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர். அப்பா சுண்ணாம்போடு வர்ணத்தையும் விற்றார். இவர் வர்ணம் மட்டும் விற்கிறார், ஊர் முழுக்கக் கிளைகள் வைத்து. என்றாலும் கடைத்தெரு அவரை இன்றைக்கும் சுண்ணாம்பு மாமா என்றுதான் கூப்பிடுகிறது. அவள் அப்பாவின் துணிக்கடையும் அவருடைய பெயிண்ட் கடையும் எதிரெதிரே. பாவாடை கட்டின காலத்திலிருந்து அவளைப் பார்த்தவர். வெளியே பார்த்தால் "பாப்பா" என்பார். கமிட்டியில் உட்கார்ந்தால் "மேடம்". அவர் மேடம் என்று ஆரம்பித்தால் எதையோ பிடுங்கப்போகிறார் என்று அர்த்தம்.

"மேடம், ஒரு கலருக்கு ஒரு டப்பாதான் நான் ஷோகேஸ்ல வைப்பேன். ஒரு ஜாதிக்கு ஒரு குருவி போதாதா? அத்தனை குருவி எதுக்கு, அதுவும் ஒரே மாதிரி?"

"உங்க கடைக்குப் பின்னாடி குடோன் இல்லையா சார்?"

"இருக்கு. குடோன்ல இருக்கிறதை நான் விக்கிறேன். நீங்க யாருக்கு விக்கப்போறீங்க?"

கமிட்டி முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம், அடி தன் முதுகில் விழுந்தாலும் நல்ல அடி என்றால் ஒப்புக்கொள்வார்கள்.

அவருடைய திட்டம் இதுதான். கிடங்கை இடித்து நீட்டி, டைனோசர் காட்சிக்கூடம் கட்டுவது. டைனோசர் உறுமும், தலையை ஆட்டும், நாற்காலி அதிரும், பிள்ளைகள் அலறும், கூட்டம் அள்ளும். கிடங்குச் சரக்கு ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்குப் போகும். திட்டம் முட்டாள்தனமாக இருந்திருந்தால் எதிர்ப்பது சுலபம். அது நல்ல திட்டமாகவே இருந்தது. சின்ன வயதில் அவளே அந்த நாற்காலிக்கு முண்டியடித்திருப்பாள். ஆனால் தகரக் கொட்டகை வெயிலில் வேகும், மழையில் ஒழுகும். ஈரம் பட்ட தோலைத் தேடித் தோல் வண்டு வரும். அந்த வண்டுக்கு ஒரு பறவை ஒரு வேளைச் சாப்பாடு. இரண்டு மழைக்காலம் போனால் இழுப்பறையில் கால்களும் சீட்டுகளும்தான் மிஞ்சும்.

அவள் அதையெல்லாம் சொன்னாள். தலைவர் காதில் வாங்கிக்கொண்டார். "சரி மேடம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வியாழக்கிழமை நானே வந்து ஒரு பார்வை பார்க்கிறேன். என் மனசை மாத்திக் காட்டுங்க. மாறலைன்னா என்னைத் திட்டக்கூடாது."

புதன்கிழமை துணிக்கடைக்கு விடுமுறை. இப்போது கடையை நடத்துகிற அக்கா, தங்கையின் கிடங்கைப் பார்க்க வந்தாள். அதாவது, ஆறுதல் சொல்ல வந்தாள். அக்காவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் குறை சொல்ல ஆரம்பித்தாள்.

"இது எல்லாமே செத்ததா?"

"ஆமா."

"ஓடாத சரக்கைத்தான் செத்த சரக்குன்னு அப்பா திட்டுவாரு. நீ நிஜமாவே செத்த சரக்கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியேடி."

"இங்க வா. இதைப் பாரு." தங்கைக்குச் சண்டை போட நேரமில்லை. அவள் ஏற்கெனவே ஓர் இழுப்பறையை இழுத்துவிட்டிருந்தாள். கண்ணாடிக்கு அடியில் ஊசியில் நின்றது ஒரு வண்ணத்துப்பூச்சி. இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் பழுப்பு. "பாதி ஆண், பாதி பெண். நடுவுல கத்தரியால வெட்டி ஒட்டின மாதிரி. இது மாதிரி இன்னொண்ணு பார்க்க நீ உன் ஆயுசு பூரா தோட்டத்துல உட்காரணும்."

"ரெண்டு துணித் தான்ல மிச்சமான துண்டுல தைச்ச சட்டை மாதிரி இருக்கு."

"இந்த நத்தையைப் பாரு. இந்த ஜாதியில எல்லா நத்தையும் வலப்பக்கம் சுத்தும். இது மட்டும் இடப்பக்கம். பாவம், இதுக்குத் துணையே கிடைச்சிருக்காது."

"உனக்கு எப்படிக் கிடைச்சதுன்னுதான் வீட்ல இன்னும் பேசிக்கிறோம்." அக்கா ஒரு பறவையைத் தொடக் கை நீட்டினாள்.

"தொடாதே! பழைய தோல்ல பூச்சி வராம இருக்க விஷம் தடவியிருப்பாங்க."

அக்கா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "விஷம், பிணம், பாச்சா உருண்டை வாசனை. இதை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்னு அடம் வேற. உன் வீட்டுக்காரர் பொறுமைசாலி."

தங்கை கையுறையை மாட்டிக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினாள். மேசையில் ஓர் இழுப்பறை முழுக்கச் சிட்டுக்குருவிகள். தலைவர் கேலி செய்த அதே குருவிகள். இந்த ஊர்க் குருவிகள். ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தது, பூனை கொண்டுவந்து போட்டது, முற்றத்தில் கிடந்தது என்று இவளுக்கு முன் இருந்த காப்பாட்சியர்கள் வருஷா வருஷம் வாங்கிச் சேர்த்தவை. உள்ளே பஞ்சு, கண்ணுக்குப் பஞ்சு, காலில் நூலால் கட்டிய சின்னச் சீட்டு. சீட்டில் எண், நாள், தெரு, கொண்டுவந்தவர் பெயர். எல்லாம் மல்லாந்து, கால் நீட்டி, வரிசையாக. கூட்டம் இல்லாத நாளில் கடைப் பையன்கள் படுத்துக் கிடப்பார்களே, அப்படி.

பழைய வரிசைக் குருவிகளின் வயிறு சிலேட்டுக் கறுப்பு. புகைபோக்கிக்குள் விட்டு எடுத்த மாதிரி. திங்கட்கிழமை இந்த இழுப்பறையைத் திறந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: சுண்ணாம்பு மாமா இதைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார்.

தேவையில்லாமல் எதையும் துடைக்கக் கூடாது என்பது காப்பாட்சியர் மூளைக்குத் தெரியும். ஆனால் பெரிய வாடிக்கையாளர் வருகிறார் என்றால் மேல் மடிப்பைத் தட்டி, தூசியை ஊதி, பளிச்சென்ற பக்கத்தைத் திருப்பி வைப்பது கடைக்காரர் மகளின் கைக்குத் தெரியும். மூளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை பஞ்சை எடுத்து எரிசாராயத்தில் தோய்த்துவிட்டது. மூன்று நாளாக ஒவ்வொரு குருவியாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் கடைசி வரிசைதான் பாக்கி.

"வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சே," என்றாள் அக்கா, முதல் தடவையாகப் பாராட்டி. "இதைப் பார்த்தா அந்த ஆள் கொஞ்சம் இறங்குவாருடி. சரி, அழுக்குப் பஞ்சை எல்லாம் எதுக்குக் கவர்ல போட்டு வச்சிருக்கே? குப்பைக்கூடை இல்லையா இங்க?"

மேசை ஓரத்தில் கண்ணாடிக் கவர்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கறுத்த பஞ்சு, கூடவே குருவியின் எண்.

"சட்டம் அக்கா. ஒரு பறவைல இருந்து எது உதிர்ந்தாலும், இறகோ நகமோ தூசியோ, அதே நம்பர் போட்டு வைக்கணும்."

"சட்டமாம். வெட்டுத் துண்டை எறிஞ்சா அப்பா கையை ஒடிச்சிருவாரு, அந்தப் பயம்."

அதுவும் உண்மைதான். அப்பா எந்தத் தானிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, தானின் எண்ணோடு முடிந்து, பெட்டியில் போட்டு வைப்பார். எந்த வருஷம் எவள் வந்து "இதே நீலத்துல ரவிக்கைத் துணி வேணும்" என்று நிற்பாள் என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் போன் அடித்தது. கூப்பிட்டது கல்லூரித் தோழி. ஊரின் காற்றைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. படிக்கிற காலத்திலிருந்தே எந்தப் புகைபோக்கியைப் பார்த்தாலும் நின்றுவிடுவாள் என்பதால் எல்லோருக்கும் அவள் புகை.

"ஏய், உங்க கிடங்குல பழைய சிட்டுக்குருவி இருக்கா? இந்த ஊர்ல செத்தது. வருஷம் தெரிஞ்சிருக்கணும்."

காப்பாட்சியருக்கு முகம் மலர்ந்தது. யாராவது கிடங்கில் இருப்பதைக் கேட்டால் அவளுக்கு அப்படித்தான். "இருக்கான்னா கேட்கிறே? இப்போ என் கண்ணு முன்னாடியே இருக்கு. ஒரு தலைமுறைக்கு மேல, வருஷ வாரியா, தெருப் பேரோட."

"அடிப்பாவி, தங்கம்! வயிறு கறுப்பா இருக்குமே?"

"இருந்துச்சு. அசிங்கமா இருந்துச்சு. இப்போ வந்து பாரு, ஒவ்வொண்ணையும் துடைச்சு எடுத்துட்டேன். நேத்துக் குளிச்ச மாதிரி பளபளன்னு..."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"புகை? கேட்குதா?"

"துடைச்சிட்டியா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எனக்கு வேண்டியதே அந்தக் கறுப்புதான்டி. காத்தை அளக்கிற மெஷின் இந்த ஊருக்கு வந்து எத்தனை நாளாச்சு? அதுக்கு முன்னாடி ஜனங்க எதை இழுத்து மூச்சு விட்டாங்கன்னு சொல்ல நாதி இல்லை. குருவி சொல்லும். வருஷத்துக்கு ஒருதரம் அது இறகு பூரா மாத்திக்கும். அதனால ஒரு குருவி மேல இருக்கிற கரி, அது செத்த வருஷத்துக் கரி. வேற வருஷம் கலக்காது. அதைப் போய்..."

கடைக்காரர் மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே வெள்ளை வயிறுகள் விளக்கில் மின்னின. தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு தப்பை அவள் செய்ததில்லை.

"ஏய்," என்றாள் புகை. "துடைச்ச பஞ்சை என்ன பண்ணினே?"

"வச்சிருக்கேன்."

"எல்லாத்தையும் ஒரே பையிலயா?"

"தனித்தனியா. நம்பரோட."

புகையின் குரல் கிணற்றிலிருந்து மேலே ஏறியது. "நீ மடச்சி. ஆனா உருப்படியான மடச்சி. குருவி மேல இருந்தா நான் படம்தான் எடுக்கலாம். பஞ்சுல இருந்தா எடை போடலாம், எரிச்சுப் பார்க்கலாம், எந்தக் கரின்னு பிரிக்கலாம். கொஞ்சம் வயித்துலயே தங்கியிருக்கும், அதுக்குக் கணக்கு வேற போடணும். அதனால இனிமே ஒரு குருவியைத் தொட்டே, நானே வந்து உன்னைக் கவர்ல போட்டுருவேன்."

"கடைசி வரிசை தொடலை. நாளைக்குத் தலைவர் வர்றாரு. உன்னால ஏதாவது சொல்ல முடியுமா, ஒரு முடிவு மாதிரி..."

"நாளைக்கா? நான் சோதிச்சு முடிக்க மாசக்கணக்காகும். பார்க்காம சொன்னா நான் ஜோசியக்காரி."

போனை வைத்ததும் அக்கா ஆரம்பித்தாள். "நாளைக்கு அந்தாளு கிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே. வெள்ளைக் குருவியைக் காட்டு, வண்ணத்துப்பூச்சியைக் காட்டு, சிரிச்சுப் பேசி அனுப்பு. தப்பு பண்ணினவகிட்டயே கிடங்கை விட்டு வைப்பாரா? அழுக்குத் துணியை எவளாவது கடை வாசல்ல விரிப்பாளா?"

"அழுக்குதான் சரக்குன்னா?"

"இது என்ன பேச்சு?"

"அக்கா, பளிச்சுனு இருக்கிறதை அந்த மனுஷன் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் விக்கிறாரு. அதைக் காட்டி அவரை மயக்க முடியுமா? நான் திங்கட்கிழமையே யோசிச்சிருக்கணும்."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "உன் கடை. உன் சரக்கு. ஆனா அவர் முன்னாடி நிறையப் பேசாதே. நீ பேச ஆரம்பிச்சா நத்தை வரைக்கும் போயிருவே."

அந்த ஒரு புத்திமதி நல்ல புத்திமதி. தங்கை அதை வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை தலைவர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் இழுப்பறைகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "இந்தச் சுவருக்கு எவன் மேடம் பெயிண்ட் அடிச்சது? ஈரம் காயறதுக்கு முன்னாடியே அடிச்சிருக்கான். என் கடைப் பெயிண்ட் இல்லை, அது வரைக்கும் சந்தோஷம்."

அவள் பெரிய மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தாள். அதன்மேல் பஞ்சுக் கவர்கள், வருஷ வரிசையில், ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் மேலே அதற்குரிய குருவி, மல்லாந்து. கடைசி வரிசை மட்டும் துடைக்காத குருவி, பஞ்சு இல்லாமல். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். நல்ல சேலையை விரித்துவிட்டு விற்பனைக்காரி வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் பாடம். அவளுக்கு நாக்கு அரித்தது. கடித்துக்கொண்டாள்.

தலைவர் ஒரு நொடி பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார்.

"என்ன இது, கலர் காட்டற ஷேட் கார்டா?"

"ஆமா மாமா." மாமா என்று வந்துவிட்டது. திருத்தவில்லை.

"எந்தக் கம்பெனி?"

"இந்த ஊர்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பஞ்சுகளை அவர் பார்த்த விதம் வேறு. சாதாரண மனிதர்களுக்கு வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, நடுவில் சாம்பல் ஒன்று. வெள்ளையிலேயே ஒரு புத்தகம் அளவுக்கு வகை விற்கிறவர் அவர். விரலை எடுத்து, தொடாமல், காற்றிலேயே ஒவ்வொரு கவருக்கு மேலேயும் நகர்த்திக்கொண்டு போனார்.

"இது புகைச் சாம்பல். இது ஈயம். இது கொஞ்சம் பழுப்பு கலந்திருக்கு... இங்க கறுப்பு ஏறுது. ஏறுது. இந்த இடம் நல்ல மசி." விரல் நின்றது. "இது எந்த வருஷம்?"

அவள் குருவியின் காலில் இருந்த சீட்டைப் படித்துச் சொன்னாள்.

"இந்தக் குருவி மேலயா இவ்வளவு?"

"ஒரே வருஷத்துக் கரி. குருவி வருஷா வருஷம் இறகு மாத்திக்கும். பழைய அழுக்கு நிக்காது."

தலைவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பேசியபோது மேடம் போயிருந்தது.

"பாப்பா, அந்த வருஷங்கள்ல எங்கப்பா ஒரு காரியம் பண்ணினாரு. மலிவா கிடைக்குதுன்னு குடோன் நிறைய வெள்ளை வாங்கிப் போட்டுட்டாரு. ஒருத்தன் வாங்கலை. ஊர்ல எல்லாருக்கும் பழுப்பும் பச்சையும்தான் வேணும். ஜனங்களுக்கு ரசனை செத்துப்போச்சுன்னு எங்கப்பா சாகிற வரைக்கும் திட்டினாரு. எனக்கு நினைவிருக்கு, வெள்ளை வாங்கறவன்தான் மனுஷன்னு கல்லாவுல உட்கார்ந்து புலம்புவாரு." அவர் கறுத்த கவரைப் பார்த்துத் தலையாட்டினார். "ரசனை எங்கே செத்துச்சு? வெள்ளை அடிச்சா ஒரு வருஷத்துல குருவி வயிறு மாதிரி ஆயிடும்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கடை வச்சவருக்குத்தான் தெரியலை."

விரல் மறுபடி நகர்ந்தது. ஓர் இடத்தில் அவர் சிரித்தே விட்டார். "இங்க வெளுக்குது பார். அடுப்புக்கரியை விட்டு எல்லாரும் மாறின சமயம். ஊரைச் சுத்தி இருந்த சூளையையும் மூடிட்டாங்க. இந்த வருஷம்தான் நான் கல்லாவுல உட்கார்ந்தேன். வெள்ளை பிச்சுக்கிட்டுப் போச்சு. என் சாமர்த்தியம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், இத்தனை வருஷமா!"

"கொஞ்சம் சாமர்த்தியமும் இருந்திருக்கும் மாமா."

"ஐஸ் வைக்காதே. சரி, குருவியை ஏன் துடைச்சே? வயித்துலயே இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமே."

இதுதான் அக்கா பயந்த கேள்வி. அவள் ஒரு மூச்சு இழுத்தாள். "உங்களுக்குக் காட்டத்தான். பளிச்சுனு இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சேன். தப்பு. துடைச்சதுக்கப்புறம்தான் அதோட மதிப்பு எனக்கே தெரிஞ்சுது. பஞ்சை எறியாததால பிழைச்சோம். கடைசி வரிசையை அப்படியே விட்டுட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். "நான் வர்றேன்னு வெள்ளையடிச்சிருக்கே! எனக்கே வெள்ளையடிச்சிருக்கே!"

சிரிப்பு ஓய்ந்ததும் வியாபாரி திரும்பி வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடித் துடைப்பு அவளுக்குத் தெரியும்.

"நல்ல சரக்கு பாப்பா. ஒத்துக்கறேன். ஆனா சரக்கு பஞ்சுதானே? பஞ்சை ஒரு டப்பாவுல போட்டு உன் மேசையில வச்சுக்கோ. குருவி கொட்டகைக்குப் போகட்டும்."

நல்ல அடி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"முந்தாநாள் வரைக்கும் இந்தப் பஞ்சு குப்பை மாமா. நேத்து ஒருத்தி போன் பண்ணினதும் தங்கம். நடுவுல பஞ்சு மாறலை. கேட்கிற ஆள் வந்தாச்சு, அவ்வளவுதான். குருவிகிட்ட இன்னும் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு எவன் வந்து அதோட எலும்பைக் கேட்பான், நகத்தைக் கேட்பான், எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா துடைச்சிருப்பேனா? இங்க இருக்கிற ஒவ்வொண்ணும் அப்படித்தான். அதனாலதான் ஒண்ணு போதாது. ஒரே ஒரு குருவி வச்சிருந்தா இன்னிக்கு இந்த மேசையில உங்களுக்குக் காட்ட என்ன இருந்திருக்கும்? ஒரு அழுக்குக் குருவி."

"எல்லாம் வேணுங்கிறே."

"எல்லாம்."

"எல்லாம்னு சொன்னா பேரமே இல்லையே பாப்பா. நானும் கமிட்டிக்குப் போய் ஏதாவது வாங்கிட்டு வந்தேன்னு காட்டணுமில்ல?"

அவளுக்கு மூச்சு வந்தது. பேரம் என்ற வார்த்தை வந்துவிட்டால் வாடிக்கையாளர் எழுந்து போகப்போவதில்லை.

"டைனோசர் எவ்வளவு பெருசு?"

"பெருசுதான் நல்லது."

"குட்டி டைனோசர் போதாதா? ஒரு ஜாதிக்கு ஒண்ணு போதும்னு சொன்னீங்களே, அதுலயும் சின்னதா ஒண்ணு. முன்கூடத்துல கரடி இருக்கிற இடத்தை எடுத்துக்கோங்க. கரடிக்கு யாரும் அழமாட்டாங்க. பத்தலைன்னா என் ரூமை எடுத்துக்கோங்க, சுவரை உடைச்சா நாற்காலி போடலாம்."

"உன் ரூமா? ஜன்னல், ஏசி எல்லாம் இருக்கே."

"நான் இங்க இழுப்பறைக்கு நடுவுல நடைபாதையில மேசை போட்டுக்கறேன்."

தலைவர் தாடையைத் தடவினார். சொந்த அறையைத் தூக்கிக் கொடுக்கிற ஆள் சும்மா பேசவில்லை என்று எந்த வியாபாரிக்கும் புரியும். ஆனால் சும்மா விட்டுவிட்டால் அவர் சுண்ணாம்பு மாமா இல்லையே. "இந்தச் சுவருக்குப் பதில் கண்ணாடி போடு. ஜனங்க குடோனைப் பார்க்கட்டும்."

"வெளிச்சம் பட்டா சாயம் போயிடும் மாமா."

"சாயம் போறதைப் பத்தி எனக்கே பாடம் நடத்தறியா?"

"அப்போ சின்னதா ஒரு ஜன்னல். திரை போட்டு. நான் இருக்கும்போது மட்டும் திறக்கிறேன்."

"பெரிய ஜன்னல்."

"நடுத்தரம்."

"சரி, நடுத்தரம். சுவருக்கு என் கடைப் பெயிண்ட்." அவர் எழுந்தார். போகும்போது மேசையின் கடைசி முனையில் நின்றார். துடைக்காத குருவிகளின் சாம்பல் வயிறு முடிந்து வெறும் வெள்ளைத் துணி தொடங்கும் இடம். "இதுக்கப்புறம்? இந்த வருஷம் எங்கே?"

"இல்லை. செத்த குருவியை வாங்கி என்ன பண்ணறதுன்னு முந்தின கமிட்டி நிறுத்திடுச்சு."

"ஷேட் கார்டைப் பாதியில நிறுத்தினவன் எவன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே தலைவர் குடையை விரித்தார், இன்னும் வெளியே வரவே இல்லை என்பதை மறந்து.

கமிட்டி கூடியது. அங்கே என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் சில வாரங்களில் கரடி மாடிக்கு ஏறியது, அவளுடைய அறைச் சுவர் உடைந்தது, குட்டி டைனோசர் ஒன்று பெட்டியில் வந்து இறங்கியது. தகரக் கொட்டகைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பஞ்சில் பாதியைப் புகை வாங்கிக்கொண்டு போனாள், மீதிப் பாதியை யாருக்கும் தரக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டு. அடுத்து வருகிற எவளோ ஒருத்திக்காக.

நடைபாதை மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் நேரத்துக்கு ஒருமுறை டைனோசர் உறுமும். பிள்ளைகள் அலறுவார்கள். அலறி முடித்த கூட்டத்தில் கொஞ்சம் பேர் ஜன்னல் பக்கம் வந்து மூக்கைக் கண்ணாடியில் அழுத்துவார்கள். அவள் திரையை விலக்கிப் பாதி நீலம் பாதி பழுப்பு வண்ணத்துப்பூச்சியைக் காட்டுவாள். நத்தை வரைக்கும் போய்விடுவாள்.

ஒரு நாள் அப்படி அவள் நத்தையில் இருந்தபோது தலைவர் வந்தார். கையில் ஒரு சின்னப் பெயிண்ட் டப்பா. மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பழந்துணி, துணிக்குள் ஒரு சிட்டுக்குருவி.

"புதுக் கிளைக்குக் கண்ணாடி முகப்பு வச்சேன். காலையில வந்து மோதிடுச்சு. பசங்க தூக்கிப் போட இருந்தாங்க. நான் விடலை." ஏதோ கப்பலில் வந்த சரக்கை இறக்குகிற பெருமை அவர் முகத்தில். "இந்த வருஷத்து சாம்பிள்."

"அடுத்தது மோதாம இருக்கக் கண்ணாடியில கோடு ஒட்டுங்க மாமா."

"ஒட்டியாச்சு. ஒரு வருஷத்துக்கு ஒண்ணு போதும், எனக்கும் தெரியும்."

கையுறை மாட்டி, அவள் குருவியை மல்லாத்தினாள். இருவரும் குனிந்து வயிற்றைப் பார்த்தார்கள். பழைய மசி இல்லை. பளிச்சென்றும் இல்லை.

"இது என்ன கலர் மாமா?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு இன்னும் பேர் வைக்கலை. மெல்லிசா நீலம் ஓடுது. பஸ் புகையா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "துடைக்காதே."

"துடைக்கமாட்டேன்."

அவள் சின்னச் சீட்டை எடுத்து எழுதினாள்: எண், நாள், தெரு. பேனா நின்றது.

"கொண்டுவந்தவர் பேர் எழுதுவீங்களாமே," என்றார் அவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "கொஞ்சம் பெருசா எழுது. கடைப் பேரும் சேர்த்து."

"சீட்டு இவ்வளவுதான் மாமா. எல்லாருக்கும் ஒரே எழுத்துதான்."

"பெயிண்ட் கொடுத்திருக்கேன், சுவர் பூரா."

"அதுக்குச் சுவர்ல எழுதறேன்."

அவர் பெயரை மற்றவர்களுக்கு எழுதின அதே அளவில் எழுதி, நூலைக் குருவியின் காலில் முடிந்தாள். தோல் எடுத்துப் பஞ்சு அடைத்துப் பாடம் செய்கிற வேலை இருக்கிறது. ஆனாலும் அதற்கான இடத்தை இப்போதே காட்டிவிட வேண்டும்போல் இருந்தது. இழுப்பறையை இழுத்தாள். கடைசி வரிசையில், நின்றுபோன வருஷங்களுக்குக் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, விரலால் தொட்டுக் காட்டினாள்.

தலைவர் அந்த இடத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால் காலியாக இருந்த பலகையையும் பார்த்தார். "அடுத்தடுத்த வருஷத்துக்கு இவ்வளவுதான் இடமா? இது ரொம்பினா?"

"இன்னொரு இழுப்பறை கேட்பேன்."

"கேட்பே," என்றார் சுண்ணாம்பு மாமா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எவ்வளவு ஆழம் வேணும், இப்பவே சொல்லு."